இருபத்துநான்கு பாலன்கள்

திண்டிவனம்
18.11.2024

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

உன் அருள்நாதன் எழுதுவது. 'உன்' என்று போட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியாது, கை பழகிவிட்டது. போனில் என் பெயரைப் பார்த்தாலே நீ எடுப்பதில்லை. கடிதத்தைக் கிழிப்பதற்காகவாவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்?

நீ கோபித்துக்கொண்டு விழுப்புரத்தில் அக்கா வீட்டுக்குப் போய் இந்த மாதத்தோடு இரண்டு வருடம். நம் சுரூபக் கடையை நானும் தங்கை ஜெசிந்தாவும் எப்படியோ ஓட்டுகிறோம். ஆகஸ்டில் ஆர்டர் கொடுத்த மரச் சிலைப் பெட்டி பிலிப்பைன்ஸிலிருந்து வந்துவிட்டது. மரச் சாமான் என்றாலே சென்னை கஸ்டம்ஸில் ஆயிரம் கேள்வி. புழு இருக்கிறதா, புகை மருந்து போட்டார்களா, முத்திரை எங்கே என்று ஒன்பது நாள் இழுத்தடித்தார்கள்.

பெட்டியைத் திறந்ததும் பேஜாராகிவிட்டது. கிறிஸ்துமஸ் குடிலுக்காகக் கேட்ட பாலன் இயேசு சுரூபங்கள் இருபத்துநான்கும் கண்ணை மூடிக்கொண்டிருக்கின்றன. பாலன் கண் திறந்து சிரிக்க வேண்டும் என்பார்கள் நம் ஜனங்கள். முகம் பார்த்துச் சரக்கு எடுப்பது எப்போதும் நீதான். ஒன்றை ஜெசிந்தாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். விற்கலாமா, வேண்டாமா, நீயே பார்த்துச் சொல்.

அக்காவுக்கு வேகவைத்து உரித்துத் தின்னக் கொஞ்சம் மல்லாட்டையும் வைத்திருக்கிறேன்.

அருள்நாதன்

* * *

விழுப்புரம்
22.11.2024

திரு. அருள்நாதன் அவர்களுக்கு,

மல்லாட்டையை அக்கா எடுத்துக்கொண்டாள். சுரூபத்தை அவள் தையல் மெஷின் மேல் வைத்தேன். அதில் இன்னும் புகை மருந்து வாசனை அடிக்கிறது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது அடித்த அதே வாசனை.

அக்கா பார்த்ததும், "யாருடி இது, நம்ம அப்பா சாயலா கீதே" என்றாள். வலது காதின் மேல் விளிம்பு மடிந்திருக்கிறது. அப்பாவுக்கு அப்படி. எனக்கும் அப்படி. கடல் தாண்டி இருக்கிற ஒரு தச்சருக்கு எங்கள் வீட்டுக் காது எப்படித் தெரியும்?

ஆபரேஷன் முடிந்து நாலு நாள் நினைவில்லாமல் கிடந்தேன். இரண்டு நாள் உயிரோடு இருந்த என் பிள்ளையை, நான் எழுவதற்குள் புதைத்துவிட்டு வந்தீர்கள். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "குழந்த மாதிரிதான் இருந்துது" என்றீர்கள். போட்டோ கேட்டேன். யாரும் எடுக்கவில்லை என்று மாதா மேல் ஆணையாகச் சொன்னீர்கள். பெற்ற பிள்ளையின் முகம் தெரியாத ஒருத்தியாக நான் ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

எந்தப் படத்தைப் பார்த்து இதைச் செதுக்கினார்கள்? இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லுங்கள்.

ஜாக்குலின்

* * *

திண்டிவனம்
26.11.2024

ஜாக்குலின்,

படம் இருக்கிறது. மண் போடுவதற்கு முன் எல்லார் வீட்டிலும் எடுப்பதுபோல நம் பிள்ளையையும் எடுத்தார்கள். "பெத்தவகிட்ட காட்டாதடா, அதையே பாத்துக்கினு உக்காந்துடுவா" என்றாள் அம்மா. சரியென்று மறைத்தேன். கடைசியில் அப்படி உட்கார்ந்தது நான்தான். தினமும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனில் அவனைப் பார்ப்பேன். உன்னிடம் பொய் சொன்ன வாய் அப்புறம் திறக்கவே இல்லை.

தச்சரிடம் அந்தப் படத்து முகத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், உனக்காக. மற்ற இருபத்துமூன்றும் வழக்கமான முகம். ஆனால் ஆர்டரையும் படத்தையும் ஒன்றாக அனுப்பிவிட்டேன். அவர் மொத்தத்துக்கும் அதுதான் மாதிரி என்று எடுத்துக்கொண்டார். தூங்குகிற குழந்தை, மிக அழகு என்று பதில்கூடப் போட்டிருந்தார். உன்னிடம் நேராகச் சொல்லத் தைரியம் வராமல்தான் ஒன்றும் தெரியாதவன்போல அனுப்பினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாக்கிக் காகித வேலைக்காக நான் மறுபடி சென்னை போன அன்று, விஷயம் தெரியாத ஜெசிந்தா ஏழு பேரை விற்றுவிட்டாள். மயிலத்துக்கு இரண்டு, கிளியனூருக்கு ஒன்று, விழுப்புரத்திலேயே நான்கு. என்ன சொல்லித் திரும்பக் கேட்பது? மீதி பதினாறு பேரும் அலமாரியில் இருக்கிறார்கள். துணி போட்டு மூடினேன், மூச்சு முட்டுமோ என்று எடுத்துவிட்டேன். இருட்டில் விட்டுப்போக மனசு வராமல், கடை பூட்டும்போது விளக்கை எரியவிட்டே போகிறேன்.

விலாசங்களைப் பின்னால் எழுதியிருக்கிறேன். படம் வேண்டுமென்றால் சொல், உடனே அனுப்புகிறேன். திரும்பி வா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அருள்

* * *

விழுப்புரம்
7.12.2024

அருளுக்கு,

உங்கள் கடிதத்தை முழுதாகப் படிக்க மூன்று நாள் ஆனது. பிறகு விலாசத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இங்கே ஷேர் ஆட்டோவில் நான்கு வீடும் போனேன். நான் கடைக்காரம்மா, சுரூபத்தில் வெடிப்பு விட்டிருக்கிறதா பார்க்க வந்தேன் என்றதும் உள்ளே விட்டார்கள். நான்கு வீட்டிலும் அதே முகம். நான்காவது வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று கிளியனூர். வீரம்மாள் என்று ஒரு அம்மா, கழனி வேலைக்குப் போகிறவள். பாலனைக் குடிலில் வைப்பது இருபத்துநான்காம் தேதி ராத்திரிதானே, அதுவரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவா பேசும்மா. கொயந்த தூங்கிக்கினு இருக்குது. பீரோல வெச்சிப் பூட்ட மனசு வர்ல, அதான் பாய்ல போட்டேன்" என்றாள். கழுத்துவரை போர்வை. அந்த வீட்டில் எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள்.

அது தூங்கவில்லை, என்னுடையது, செத்துப்போனது என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். "நல்ல கொயந்த" என்றுதான் வந்தது. நானும் மெதுவாகத்தான் சொன்னேன்.

படத்தை அனுப்ப வேண்டாம். இத்தனை நாளும் அதற்குத்தான் அழுதேன். ஆனால் உங்கள் போனில் அவன் செத்திருக்கிறான். வீரம்மாள் வீட்டில் தூங்குகிறான். எனக்கு இது போதும்.

உங்கள் மேல் கோபம் அப்படியே இருக்கிறது. நீங்கள் மட்டும் தினமும் அவனைப் பார்த்துவிட்டு வந்து என் எதிரே சோறு சாப்பிட்டீர்கள். அதை எப்படி மறப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை வருகிறேன். உங்களுக்காக இல்லை. அந்தப் பதினாறு பேரையும் இனி நான்தான் என் கையால் கொடுப்பேன். போர்வை போடுகிற வீடா என்று பார்த்துத்தான் கொடுப்பேன். கடைசி ஒருவன் போகிறவரை கடையில் இருப்பேன். அப்புறம் என்ன என்று இப்போது கேட்காதீர்கள்.

அதுவரை கடை பூட்டும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் எப்படித் தூங்கும்?

ஜாக்குலின்