நான்கு விரல் தாழ்வு

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை.

டீச்சர் வீட்டுச் சமையலறை அலமாரியின் உச்சியில் இன்று பூ வேலைப்பாட்டுப் பட்டை அடித்தேன். கூரையைத் தொட வேண்டிய பட்டை நான்கு விரல் கீழே நின்றது. நேற்று அலமாரியையே தாழ்வாக மாட்டியிருக்கிறேன்.

"என்னண்ணே, இது குட்டையான ஆளுக்குல்ல மாட்டுனாப்புல இருக்கு?" என்றார் டீச்சர்.

சமைக்கிறவரைக் கை தூக்கச் சொல்லி, விரல் நுனிக்குத்தான் மேல்தட்டு வைப்பேன். நேற்று டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்தார். என் கை தானாகவே ஓர் இடத்தில் பென்சில் குறி போட்டது.

வீட்டுக்கு வந்தேன். அடுப்புக்கு மேலே சுவரில் என் மனைவி செல்வியின் மஞ்சள் விரல் தடம் இன்னும் இருக்கிறது. "ஊருக்கெல்லாம் அடிக்கிறீக. எனக்கு இந்த ஒசரத்துல ஒரு தட்டு அடிச்சுத் தர மாட்டீகளா?" என்று கேட்டு வைத்த தடம். கேட்டுக் கேட்டுச் சலித்து, போடிமெட்டில் உள்ள அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஏழு மாதமாகிறது.

டேப்பை வைத்து அளந்தேன். ஆறேகால் அடி. டீச்சர் வீட்டில் மேல்தட்டும் அதே ஆறேகால்.

என் மனைவி கேட்ட உயரத்தில் கச்சிதமாக அடித்துவிட்டேன். வீடுதான் வேறு.