கதவைத் தட்டும் சங்கம்

அன்புள்ள அம்மாவுக்குப் பூரணம் எழுதுவது,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். எழுத்துக்கூட்டி நீங்களே வாசியுங்கள். அப்பா இரவில் வீட்டில் இல்லை என்று மாமாவுக்குத் தெரிந்தால், உடனே கண்டிக்கு வந்து என்னைத் தெல்தோட்டைக்கே, உங்களிடம், கூட்டிப்போய்விடுவார். என் படிப்பு அவ்வளவுதான். உங்கள் இருமல் குறைந்ததா? நான் சுகம்.

குடியை விட்டவர்களின் சங்கத்துக்கு அப்பா தவறாமல் போகிறார். குடிக்க மனம் இழுத்தால், எந்த நேரமானாலும் சங்கத்தில் ஒருவருடைய கதவைத் தட்ட வேண்டும்; அவர் திட்டாமல் திறந்து, சாராயத்துக்குப் பதில் கொத்தமல்லித் தண்ணி கொடுக்க வேண்டும். அதுதான் அவர்கள் விதி. நேற்று இரவு, சங்கத்தை ஆரம்பித்த மயில்வாகனம் மாஸ்டரே நம் கதவைத் தட்டினார்.

"தம்பி, இண்டைக்கு என்னை வெளியில விடாதையும்," என்றார்.

"என்னங்க மாஸ்டர், நம்ம கொத்தமல்லித் தண்ணி கசந்துபோச்சுங்களா?" என்று அப்பா சிரித்தார். விடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனால் மாஸ்டருக்கே அப்படியென்றால் அப்பாவுக்கு? இன்று சம்பள நாள். சாராயத் தவறணை மூடி வெகுநேரமாகிவிட்டது, அப்பா இன்னும் வரவில்லை. விளக்கை அணைத்துப் படுத்தேன், முடியவில்லை, மறுபடி ஏற்றிவிட்டேன்.

கொத்தமல்லி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். உங்கள் பழைய சேலை ஒன்றும் அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். குளிருக்குத்தான்.

அம்மா, கதவில் சத்தம். குடித்துவிட்டு வந்தால் அப்பா கதவை உதைப்பார், உங்களுக்குத் தெரியும். இது உதை இல்லை. தட்டுகிறார்