அது என் சரிவு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சுகமா? நான் நலம், ஆனால் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

ஞாயிறன்று விடுதிச் சமையலறை நண்பர்களோடு பனிச்சறுக்குக் கட்டைகளில் சிகரத்துக்கு ஏறினோம். முழங்கால் ஆழப் பனியில் மூன்று மணி நேரம் முன்னால் போய்த் தடம் போட்டவள் நான். அவர்களில் ஒருவனான வின்சென்ஸ் அந்தத் தடத்திலேயே சீட்டியடித்துக்கொண்டு வந்தான். தடம் போட்டவருக்குத்தான் இறங்கும்போது முதல் சரிவு, யாரும் தொடாத பனியில் முதலில் சறுக்கும் உரிமை. நம் ஊரிலும் அப்படித்தான், இங்கே டிரோல் மலைகளிலும் அப்படித்தான். உச்சியில் நட்டிருக்கும் சிலுவையடியில் வழக்கப்படி எல்லோரும் கைகுலுக்கிவிட்டு, ஏறுவதற்காகக் கட்டையடியில் ஒட்டியிருந்த தோல்பட்டையை நான் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நீ மெதுவா வாடி, அலெங்கா!" என்று கத்திவிட்டு வின்சென்ஸ் எனக்கு முன்னால் சரிவில் பாய்ந்துவிட்டான். திருட்டுப்பயல்!

பாதிச் சரிவில் பனி கொஞ்சம் பெயர்ந்து அவனை மூடிவிட்டது. பயப்படாதீர்கள், தோண்டி எடுத்துவிட்டோம். வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு, "முதல் சரிவு வேணும்னியே, இந்தா எடுத்துக்க!" என்கிறான்.

"அது என் சரிவுடா!" என்று அவன் சட்டையைப் பிடித்தேன். பிடித்த கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

அம்மாவின் பழைய கம்பளிக் கையுறைகளை அனுப்புங்கள். என்னுடையவை அவனைத் தோண்டியதில் கிழிந்துவிட்டன. அம்மாவிடம், இங்கே குளிர் அதிகம் என்று மட்டும் சொல்லுங்கள். அடுப்பு பற்றவைக்க நேரமாயிற்று.

உங்கள் அலெங்கா