வாசல் மீனும் சட்டி மீனும்

செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ஹட்டன் கடைவீதி பாதி மூட்டத்தில்.

உறுதியானது (தீவிர சிகிச்சைப் பிரிவு வைத்தியர், காலை ரவுண்டுக்குப் பின் நேரில்): செல்வராணி உயிருடன் இருக்கிறார். மூச்சு இயந்திரத்தின் உதவியால். மீன் விஷம். மாற்று மருந்து கிடையாது, தானாக இறங்கவேண்டும்.

உறுதியாகாதது: என்ன மீன்.

செ. கொழுந்து பறிப்பவர். றொசல்லைக்குக் கீழே உள்ள தோட்டம். ஞாயிறு மாலை மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறார். முதலில் உதடு மரத்தது, பிறகு கை கால். தோட்டத்து லொறியில் வரும் வழியில் மூச்சு நின்றது. எவ்வளவு நேரம்? லொறியில் இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். விஷத்தைவிட மூளைக்குக் காற்றுப் போகாத அந்த நேரம்தான் பயம் என்கிறார் வைத்தியர்.

கணவர் யோகராஜ் வார்டு வாசல் பெஞ்சில். அன்று தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை, அதனால் சாப்பிடவில்லை.

"அவகிட்ட பேசச் சொல்றாரு டொக்டர். காது கேக்கலாமாம். என்னத்தண்ணே பேசுறது? பதில் சொல்லாம அவ எப்ப இருந்திருக்கா."

பத்திரிகையின் கொழும்பு டெஸ்க்கிலிருந்து போன். "வாட்ஸ்அப்புல முள்ளு மீன்னு ஓடுது. அப்படியே போட்டுறவா?" போடாதே என்றேன்.

வாங்க வேண்டியவை: சீனி, இருமல் மருந்து. குடைக் கம்பி.

புதன்

மழை விட்டு விட்டு. பஸ்ஸில் கினிகத்தேனை. செ.வுக்கு மீன் விற்ற வேன்காரர் சமனைக் கண்டேன். கரையோரத்து ஆள். ஞாயிறுகளில் தோட்டங்களுக்கு ஏறி வருகிறவர். பொலிஸ் வாக்குமூலம் எடுத்துவிட்டது. வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், இறங்கவில்லை.

"தோல் உரிச்ச மீன், மாத்தயா. பெட்டில கலந்து வந்தது. அந்த அக்கா கேட்டா, இது எங்க வாசல்ல தொங்குற மீனான்னு. நான் ஆமா சொன்னேன். முள்ளு மீன் எங்க வீட்லயும் தின்னுறது. தோல் இல்லாட்டி எல்லாம் ஒரே மாதிரிதானே?"

அங்கிருந்து செ. குடியிருக்கும் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு. வாசல் மீன் என்றது இதுதான்: ஊதிக் காய்ந்த முள்ளம்பன்றி மீன், பேச்சில் முள்ளு மீன். சிலாபம் கோயில் திருவிழாவுக்குப் போனவர்கள் கண்ணூறுக்கென்று வாங்கி வந்து நிலையில் மாட்டியது. அந்த லயம் முழுக்க இருந்ததாம். இப்போது எல்லாவற்றையும் அவிழ்த்து கழிவுநீர்க் கானோரம் குவித்திருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் செ. வீட்டு வாசலில் மட்டும் தொங்குகிறது.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பார்வதி: "காவலுக்கு மாட்டுன மீனையே ஆக்கித் தின்னா சும்மா விடுமா?"

எதிரே துணி காயப்போட்ட பெண்: "அது காவலுக்குன்னா ஒன்னோடத ஏன்டி மொத ஆளா அவுத்த?"

சாவி பார்வதியிடம். திறந்தார். குழம்புச் சட்டியைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. மேல் தட்டில் ஒரு கிண்ணம், தட்டால் மூடியபடி. நாற்றம். உள்ளே மீன் தலை.

"புருசனுக்குன்னு எடுத்து வச்சிருக்கா," என்றார் பார்வதி. "மீன் எடுத்தா தல அவருக்குத்தான்."

கரண்டியால் மீனின் உதட்டை விலக்கிப் பல்லைப் படம் எடுத்தேன். வாசல் மீனின் வாயையும். கிண்ணத்தைச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வாங்கிக்கொண்டார்.

படங்களைக் கடல்மீன் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பிவிட்டு போனில் பேசினேன். குறித்தவை:

விலங்கியல் வரிசை ஒன்று. குடும்பம் இரண்டு.
முள்ளம்பன்றி மீன் குடும்பம்: மேலே ஒரே பல்தகடு, கீழே ஒன்று. ஆக 2.
பேத்தைக் குடும்பம்: தகடுகளின் நடுவில் பிளவு. ஆக 4.
வாசல் மீன்: 2. முள் நீளம், மடங்கும் வகை. பேரினம் டயோடன். இனம் தெரியாது, காய்ந்ததில் புள்ளிகள் அழிந்துவிட்டன.
சட்டி மீன் (கிண்ணத்துத் தலை): 4. பேத்தை, கொடிய விஷம்.

"முள்ளு மீன் நல்ல மீன்னு மட்டும் எழுதிடாதீங்க," என்றார் பேராசிரியர். "அதுலயும் விஷம் இருக்கலாம்."

ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியரிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "நல்லது. ஆனா எந்தக் குடும்பமா இருந்தாலும் நான் செய்றது இதேதான். மூச்சு குடுத்துட்டுக் காத்திருக்கிறது."

செய்தி அனுப்பியாயிற்று. பல் விவரத்தை டெஸ்க் வெட்டிவிட்டது. சரியான பெயர் கையில் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை.

வியாழன்

வெயில். மலை முழுதும் தெளிவு.

விஷம் இறங்கியிருக்கும் என்கிறார் வைத்தியர். விரல் லேசாக அசைகிறது. கண் திறக்கவில்லை. லொறியில் போன நேரத்தைப் பற்றி மறுபடி கேட்டார். என்னிடம் அதே பதில்கள்தான்.

யோ. பெஞ்சில். காலடியில் கடைப் பை, முள் குத்தி ஓட்டை விழுந்தது. நேற்று மாலை லயத்துக்குப் போனபோது எல்லோரும் சத்தம் போட, வாசல் மீனை அவிழ்த்திருக்கிறார். கானில் போட மனம் வரவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறார்.

போனில் படங்களைக் காட்டி விளக்கினேன். மீனை வெளியே எடுத்து அதன் பல்லைத் தானே விரலால் தடவிப் பார்த்தார்.

"நடுவுல கோடு இல்லண்ணே."

"இல்ல, தம்பி."

"அப்ப அவ தின்னது இது இல்ல."

"இல்ல."

"ரெண்டும் சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம்."

மீனை மடியில் நிமிர்த்தி வைத்தார். "அப்ப திரும்ப மாட்டிறவா? அவ வந்து பாக்கையில வாசல் மொட்டையா இருந்தா ஏசுவா."

வைத்தியரைக் கேட்க முடியாத கேள்வி. பேராசிரியரையும். யோ. கைக்குட்டையை எடுத்து முள்ளுக்கு நடுவில் படிந்த அடுப்புக் கரியைத் துடைக்கத் தொடங்கினார்.

நிலுவை:
சட்டி மீனின் இனம்: கொழும்பு ஆய்வுக்கூடம், அடுத்த வாரம்.
இயந்திரத்தை நிறுத்தி, தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பது: நாளை, காலை ரவுண்டில்.