தயாபரனின் நிலையான விலாசம்

5-2-96, திங்கள்
கோவைக்கு வந்து எட்டு மாதம். பாத்திர மூட்டை ஒன்று இன்னும் பிரிக்கவில்லை. நன்னடத்தை அலுவலர் வேலையில், ஆறு வருடத்தில் இது எனக்கு நாலாவது ஊர்.

புதுக் கேஸ்: தயாபரன், இலங்கை அகதி, மேட்டுப்பாளையம் பக்கத்து முகாம். தான் வேலை செய்யும் பாக்கு மண்டி முதலாளியின் டிவிஎஸ் வண்டியைத் திருடியதாக ஒப்புக்கொண்டுவிட்டான். ஜெயிலா, நன்னடத்தையில் விடலாமா? நீதிபதி என் அறிக்கையைக் கேட்கிறார்.

6-2-96
புகார் கொடுத்த முதலாளி பொங்கியண்ணனே முறுக்கும் காபியும் வைத்து என்னிடம் மன்றாடுகிறார்!

"வண்டியக் காணோமுன்னு கோவத்துல எழுதிக் குடுத்துபோட்டனுங்க மேடம். இப்ப வாபஸ் வாங்க முடியாதுங்கறாங்க."

வண்டி போன அன்று முகாமில் ஆறு மணிக்குக் கணக்கெடுப்பு. ஆள் இல்லையென்றால் பெயர் போய்விடும். பெயரோடு அரிசியும் குடிசையும். நேரமாகிவிட, கேட்காமல் வண்டியை எடுத்திருக்கிறான். வழியில் பெட்ரோல் தீர, புளியமரத்தடியில் போட்டுவிட்டு முகாமுக்கு ஓட்டம். போலீஸ் கேட்டபோது முதலில் எடுக்கவில்லை என்று பொய் வேறு. மடையன்!

"கேட்டிருந்தா நானே கொண்டுபோய் உட்டிருப்பனுங்க," என்றார் பொங்கியண்ணன்.

7-2-96
முகாம். அவன் மனைவிக்கு ஏழு மாதம். "இவர் உள்ளுக்குப் போனா பேரை வெட்டிப்போடுவினம், அக்கா."

9-2-96
அரசு வக்கீல் சிரிக்கிறார். "நன்னடத்தையில விட நிலையான இருப்பிடம் வேணும்னு சட்டம் சொல்லுதுங்க. அகதிக்கு ஏது மேடம் அது?" பற்றிக்கொண்டு வந்தது. நாளை மறுபடி முகாமுக்குப் போக வேண்டும்.

10-2-96
மறுபடி முகாம். பழைய கணக்கெடுப்புப் பதிவேடுகளைப் புரட்டினேன். ஆஹா!

12-2-96
அறிக்கை கொடுத்தாயிற்று. 1990 முதல் அதே முகாம், அதே பதினேழாம் எண் குடிசை. மாதம் இரண்டு கணக்கெடுப்பு. ஒன்றைக்கூட அவன் தவறவிடவில்லை.

நீதிபதி படித்துவிட்டு, "நீங்க இந்த ஊருக்கு வந்து எத்தனை நாள்மா?" என்றார்.

"எட்டு மாசம் சார்."

"நான் ஒன்றரை வருஷம்," என்று அரசு வக்கீலைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஒரு வருட நன்னடத்தை. மாதம் ஒருமுறை என்னிடம் ஆஜராக வேண்டும். பிணைக் கையெழுத்துப் போட்டது பொங்கியண்ணன். இரண்டு மைசூர்பாகு சாப்பிட்டேன்.

15-3-96, வெள்ளி
காலையில் எனக்கு மாற்றல் உத்தரவு. தருமபுரி. மூட்டையைப் பிரிக்காததே நல்லதாயிற்று.

பதினோரு மணிக்கு வாசலில் டிவிஎஸ் சத்தம். ஓட்டி வந்தது தயாபரன். பின்னால் முறுக்குப் பொட்டலத்தோடு முதலாளி. உத்தரவை மேஜைக்குள் தள்ளிவிட்டு, படிவத்தை எடுத்தேன்.

"விலாசம் ஏதும் மாறியிருக்கா?"

"இல்லை அக்கா. அதே பதினேழுதான்."

"இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.