பிளாட்பாரத்தில் வீழ்ந்த தளபதி

மேற்குத் தாம்பரம்,
12-12-1971

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மருமகள் லெப்டினென்ட் பியூலாவுக்கு,

சித்திர ஆசிரியரும், பள்ளி என்.சி.சி. படையின் மூன்றாம் நிலை அதிகாரியும், மரத் துப்பாக்கிகள் அத்தனைக்கும் ஏகச் சக்கரவர்த்தியுமான உன் மாமன் சுந்தர்சிங் விறைப்பாக நின்று சல்யூட் வைத்து எழுதுவது. பதவியில் நீ என்னைவிடப் பெரியவள். ஆகவே இந்தக் கடிதம் முழுவதையும் அட்டென்ஷனில் நின்றே எழுதுகிறேன். முதுகு வலிக்கிறது.

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை அறியத்தான் வழியில்லை. அம்மா பதில் போடாத வீட்டுக்கு இனி எழுத மாட்டேன் என்று போன மாதம் எழுதினாய். சொன்னபடியே செய்தும் விட்டாய். நீ தபீதாள் அக்காவின் மகள்தான், சந்தேகமே இல்லை. நீ பட்டாளத்து நர்ஸாகப் போன நாளிலிருந்து, பம்பாயில் ஏதோ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்றுதான் அவள் சபையாரிடம் சொல்லி வருகிறாள். உன் கடிதத்தைக் கையால் தொட மாட்டாள். நான்தான் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, எனக்கு நானே படிப்பதுபோல, பல்லாவரம்வரை கேட்கும்படி படிப்பேன். அவள் அம்மியில் இன்னும் பலமாக அரைப்பாள். ஆனால் உனக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் அம்மி நின்றுவிட்டது. இப்போது யுத்தமும் வந்துவிட்டது, படிக்கக் கடிதமும் இல்லை. ரேடியோவில் செய்தி ஆரம்பித்தால் கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். முடிந்ததும் வந்து, மழை வருமாமா என்று என்னைக் கேட்கிறாள்.

யுத்தம் என்றதும் என் படை சும்மா இருக்குமா? தாம்பரத்து ஜன்னல் அனைத்துக்கும் கறுப்புக் காகிதம் ஒட்டிவிட்டோம். ஒரு வீரன் நிலாவை எப்படி மூடுவது என்று கேட்டான். மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொல்லி வைத்தேன்.

நேற்று மாலை ரயில்வே ஸ்டேஷனில் முதலுதவி ஒத்திகை. குண்டு விழுந்து காயம்பட்டவனாக யாராவது படுக்க வேண்டும். பிள்ளைகள் சட்டையில் சாயம் பட்டால் அவர்களுடைய தாய்மார் என்னை நிஜமாகவே காயப்படுத்திவிடுவார்கள். ஆகவே தளபதியே வீழ்ந்தேன். இருபது வருஷமாகப் பூசணிக்காயும் கூஜாவும் வரைந்து அலுத்துப்போன கை அல்லவா, என் தொடையில் ஒரு காயம் தீட்டினேன் பார், அதைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது. ஒத்திகை வழக்கப்படி, 'பயிற்சி: தொடை முறிவு, மயக்கம்' என்று ஓர் அட்டையை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டேன். காயம்பட்டவன் ஒத்திகை முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மானம் போகும் என்று பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தேன்.

சார்ஜெண்ட் குப்புராஜும் அவன் கூட்டாளிகளும் என்மேல் இருந்த பிரியத்தில் கழுத்துமுதல் கணுக்கால்வரை கட்டுப் போட்டுவிட்டார்கள். அட்டை கட்டுக்குள்ளே போய்விட்டது. அந்த நேரம் பீச் ஸ்டேஷனிலிருந்து வந்த ரயில் நின்று, ஜனங்கள் இறங்கினார்கள். ஒருவர் என்னை எல்லையிலிருந்து வந்த சிப்பாய் என்றார். இன்னொருவர், விமானத்திலிருந்து குதித்தவர் என்றார். மயக்கத்தில் இருப்பவன் எப்படி மறுப்பான்? மளிகைக்கடை ஹாஜா மைதீன் பாய் ஓடிவந்து கோலி சோடாவை உடைத்து என்மேல் தெளித்தார். சாயம் கரைந்து ஸ்ட்ரெச்சரிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. அவ்வளவுதான், இவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கூட்டமே கத்தியது. உரக்கச் சொல்பவர் மேலதிகாரி என்று குப்புராஜைப் பழக்கியவன் நான்தான். பட்டணத்துக்குத் திரும்பும் அதே ரயிலில் என்னை ஏற்றிவிட்டான்.

பூக்காரி கங்கையம்மாள் என் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அரைக்கண்ணால் பார்த்தால், பல்லாவரத்து ஜெபக்கூட்டத்திலிருந்து வந்து இறங்கிய உன் அம்மா குடையை ஓங்கியபடி பெட்டிக்குள் ஏறிக்கொண்டிருக்கிறாள். அவள் கையால் கிழிசல் தைத்த காலுறையை அடையாளம் கண்டுவிட்டாள் போலும். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது கங்கையம்மாள் யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "யாரு பெத்த புள்ளையோ. அவ்ளோ தூரத்துல வுழுந்து கெடந்தப்போ ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளு இருந்துச்சோ இல்லையோ."

குடை இறங்கியது. அக்கா கங்கையம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ஆள் இருக்கும்மா," என்றாள். "என் மக அங்கதான் இருக்கா. பட்டாளத்து நர்ஸ்."

பெட்டி முழுவதும் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தது, பியூலா. அவள் உட்கார்ந்து அழுதாள். நீ போனபிறகு அவள் அழுது நான் பார்த்தது நேற்றுதான். கங்கையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மயக்கத்தில் கிடப்பவன் கண்ணில் நீர் வரக் கூடாது என்பது விதி. சோடா இருந்ததால் தப்பித்தேன்.

அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் எழுந்து உட்கார்ந்தேன். கல்லறையிலிருந்து லாசரு எழுந்தபோதுகூட இத்தனை பேர் ஓடியிருக்க மாட்டார்கள். விஷயம் தெரிந்ததும் கங்கையம்மாள் என்னைத் திட்டிய திட்டில் மூன்று தலைமுறைக்குக் காது அடைத்திருக்கும். திட்டி முடித்து, அக்காவின் மடியில் ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டுப் போனாள். பூ சூடாத உன் அம்மா அதை மறுக்கவில்லை. தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்திருக்கிறாள்.

இன்று காலை ஆராதனையில் பாதிரி ஐயர் போர்முனையில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கப் பெயர் கேட்டார். என் பக்கத்து இருக்கையிலிருந்து உன் அம்மா எழுந்தாள். பெயரையும் சொன்னாள், பதவியையும் சொன்னாள். பம்பாயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், என் பிள்ளைகள் போட்டது கட்டா, பொட்டலமா என்று கேட்டாள். நீ படிக்கும் காலத்தில் அவள் கையில்தானே கட்டிப் பழகினாய். சனிக்கிழமை மைதானத்துக்கு வந்து தானே சொல்லிக் கொடுப்பாளாம். இந்த அதிகாரியிடம் அனுமதி கேட்கவில்லை, அறிவித்தாள்.

உனக்கு எழுதும்படி அவள் என்னிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். ஆனால் அந்தப் பக்கம் பனி எப்படி, நர்ஸுகளுக்குக் கம்பளி கொடுப்பார்களா என்று சாப்பிடும்போது கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, பியூலா. தெரியாது என்று நான் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் இதுதான். நீ எழுது. உறையின்மேல் என் பெயர் வேண்டாம். தபீதாள் அம்மாள் என்று எழுது. ஒரு வரி போதும், கம்பளி இருக்கிறது என்று.

ராப்பகலாக உன் கையில் வந்து சேரும் பிள்ளைகளையும், அவர்களைத் தொடும் உன் கைகளையும் கர்த்தர் தமது செட்டைகளின் மறைவில் வைத்துக் காப்பாராக.

உன் உத்தரவுக்குக் காத்து நிற்கும்,
மாமா சுந்தர்சிங்