வாசலில் கழற்றிய செருப்பு

என் உயிருக்கு உயிரான மல்லிகா அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கூட்டித் துடைத்து, சாப்பாடு தூக்கும் உன் வேலையை எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே பெண்கள் வார்டு. கொட்டகலையில் பஸ் ஏறும்போது, "உங்கக்கா மாதிரியே நடக்கிறீங்க" என்கிறார்கள். விழாமல் நடக்கிறேன், அவ்வளவுதான்.

வார்டுக்கு ஏறும் அந்தச் சிமெந்துச் சரிவை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மேலிடத்தில் இருந்து யாராவது பார்க்க வந்தால் சிவப்புப் பாலிஷ் போட்டு, தேங்காய் மட்டையால் முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். மழைச் சாரல் வேறு அடிக்கும். தடம் விழுமென்று நம்மை மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னது, நமக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த ஓவசியர்தானே? நர்ஸ்மார் சப்பாத்தோடு போவார்கள். தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் கழற்றியே பழகிய நமக்கு அது தப்பாகக்கூடத் தோன்றவில்லையே, அக்கா!

சாப்பாட்டு வாளியோடு வழுக்கி விழுந்தாய். இடுப்பெலும்பு முறிந்தது. தோட்டத்து லயத்து அறையில் ஐந்து மாதம் படுத்தே கிடந்து, படுக்கைப் புண் பழுத்து, காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய். நான் உன்னைப் பார்க்க வருமுன்பே, உனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் உன்னிடம் கையெழுத்து வாங்கிப் போயிருந்தார்கள். என்ன தாள் என்று கேட்டேன்.

"லீவுக்குத்தானாம் புள்ள. பாவம், அந்த ஓவசியர் ஐயாவே வந்து வாங்கிட்டுப் போனாரு" என்றாய்.

அவரா பாவம்?

போன வாரம் அதே சரிவில் நம்மோடு வேலை செய்யும் செல்வி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதே மாதிரித் தாள் வந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் என்று ஐயாவுக்குத் தெரியாது. 'செருப்பு அணியாமல் கவனக்குறைவாக நடந்ததால் விழுந்தார்' என்று இருந்தது. கழற்றச் சொன்னவரே எழுதியிருக்கிறார்! உன் தாளிலும் இதுதான் இருந்ததா, அக்கா?

"செருப்பக் கழட்டச் சொன்னது யாருங்க ஐயா? அதையும் எழுதுங்க. அப்பறமா செல்வி கையெழுத்துப் போடுவா" என்றேன்.

"உங்கக்கா ஒரு வார்த்த பேசினதில்ல. நீ வாய் காட்டுறியா?"

"அவ பேசாமப் போனதாலதான் செல்வியும் விழுந்தா."

தாளை அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன். செல்வி கையெழுத்துப் போடவில்லை. என் வேலை போகலாம். போனால் போகட்டும்.

விழுந்த அன்று நீ கழற்றிய நீலச் செருப்பு வார்டு வாசல் மூலையிலேயே கிடந்தது. இன்று காலை அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் சரிவில் ஏறினேன். பாலிஷில் வரிசையாகத் தடம் விழுந்தது. உன் மேல் சத்தியமாக இனிமேல் கழற்ற மாட்டேன். கழற்றச் சொல்பவர் அதைத் தாளில் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போடட்டும்.

உன் செருப்பு அளவாகப் பொருந்தும் தங்கச்சி,
ஜெயந்தி